அஞ்சல் கோல் கைநழுவிய பிறகு: திருகோணமலையின் ஒரு மெய்வல்லுநர் பயிற்சி வகுப்பு பற்றி

திருகோணமலை நகரில், கடற்கரையை அண்டிய மைதானம் ஒன்றின் ஓரத்தில், ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் பாடசாலைப் பிள்ளைகளுக்கு மாலை வேளைகளில் மெய்வல்லுநர் பயிற்சி வகுப்பு நடத்தி வருகிறார். விளம்பரப் பலகையோ முகநூல் பக்கமோ இல்லாத வகுப்பு இது. தமது பெயரை எங்கும் எழுத வேண்டாமென்று அவர் கேட்டுக்கொண்டதால் நானும் எழுதவில்லை. பிள்ளைகள் அழைப்பதைப் போலவே 'சேர்' என்றே குறிப்பிடுகிறேன். எனது மகள் ஓராண்டுக்கும் மேலாக அங்கே பயில்கிறாள். வகுப்பைப் பற்றி விசாரிக்கும் பெற்றோர் அநேகமாகக் கேட்கும் முதற் கேள்வி, அங்கிருந்து எத்தனை பிள்ளைகள் மாகாண மட்டத்துக்குப் போயிருக்கிறார்கள் என்பதுதான். அது நியாயமான கேள்வி. ஆயினும், தோற்றுவிட்டு மறுநாள் மைதானத்துக்கு வர வெட்கப்படும் பிள்ளையை ஒரு பயிற்றுநர் எப்படி நடத்துகிறார் என்பதை நான் கிட்ட நின்று பார்த்திருக்கிறேன். ஒரு வகுப்பின் தரத்தை அளக்க அதைவிடச் சரியான இடம் வேறில்லை என்று கருதுவதால், இந்த மதிப்பீட்டை அதைச் சுற்றியே எழுதுகிறேன்.

எமது பாடசாலை விளையாட்டு முறையை அறிந்தவர்களுக்கு அதன் இறுக்கமும் தெரிந்திருக்கும். ஆண்டின் முதற் தவணையில் இல்ல விளையாட்டுப் போட்டி நடக்கும்; அதில் தெரிவாகும் பிள்ளைகள் வலய மட்டத்துக்கும், அங்கிருந்து மாகாண மட்டத்துக்கும், இறுதியாக அகில இலங்கைப் போட்டிக்கும் செல்ல வேண்டும். ஒரு படியில் தவறினால் அந்த ஆண்டுக்கு அவ்வளவுதான். அடுத்த ஆண்டு வரும்போது வயதுப் பிரிவும் மாறிவிடக்கூடும். தனி ஓட்டத்தில் தோற்கும் பிள்ளை தன் தோல்வியை மட்டும் சுமக்கிறது; அஞ்சல் ஓட்டத்தில் தவறும் பிள்ளையோ மற்ற மூன்று பேரின் ஆண்டையும் தான் கெடுத்துவிட்டதாக நினைத்து மருகுகிறது.

எனது மகளுக்கு நேர்ந்தது அதுதான். வலய மட்டப் போட்டியில், 14 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான 4×100 மீற்றர் அஞ்சல் ஓட்டத்தில் அவள் மூன்றாவதாக ஓடினாள். இரண்டாவது வளைவில் முன்னணியில் வந்தவள், கடைசி ஓட்டக்காரியிடம் கோலைக் கொடுக்கும் கணத்தில் அது இருவர் கைக்கும் நடுவே புல்லில் விழுந்தது. மற்றச் சுவடுகளில் ஓடியவர்கள் கடந்து போனார்கள். அவள் கோலை எடுக்கவில்லை. முகத்தை மூடிக்கொண்டு அங்கேயே அமர்ந்துவிட்டாள். வீடு வந்து சேர்வதற்குள் செய்தி உறவினர் வரைக்கும் போயிருந்தது. "கையில இருந்ததையே விட்டிட்டாளாம்" என்று ஒருவர் சொன்னது அவளுடைய காதிலும் விழுந்தது. சப்பாத்தைக் கழுவி வெயிலில் காயவைத்தவள், அதைப் பெட்டியில் போட்டு அலுமாரியின் மேல் வைத்துவிட்டு, இனி ஓடப் போவதில்லை என்று அறிவித்தாள்.

சேருக்குத் தொலைபேசியில் விடயத்தைச் சொன்னபோது, அவர் சமாதான வார்த்தை எதையும் சொல்லி அனுப்பவில்லை. "ஓடத் தேவையில்லை. பிள்ளையை வழமையான நேரத்துக்கு மைதானத்துக்கு மட்டும் அனுப்புங்க" என்றார். அவள் போனாள். அவளுடைய கையில் நிறுத்தற் கடிகாரத்தைக் கொடுத்து, சின்னப் பிள்ளைகளின் 60 மீற்றர் ஓட்டத்துக்கு நேரம் எடுத்துக் கொப்பியில் எழுதச் சொன்னார். விழுந்த கோலைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. முதல் நாட்களில் எனக்கு இது போதாதென்றே தோன்றியது. பிள்ளையிடம் யாராவது மனம்விட்டுப் பேச வேண்டாமா என்று நினைத்தேன். பிறகுதான் அந்த ஏற்பாட்டின் அருமை விளங்கியது. தோல்விக்குப் பிறகு பிள்ளை முதலில் இழப்பது மைதானத்துக்குள் நுழையும் துணிவை. அங்கே தனக்கு ஒரு வேலை இருக்கிறது, யாரும் தன்னை உற்றுப் பார்க்கவில்லை என்று கண்டுகொண்டால், அந்தத் துணிவு சத்தமில்லாமல் திரும்பிவிடுகிறது. சின்னவர்கள் ஓடி முடித்த கையோடு, "அக்கா, எனக்கு எவ்வளவு?" என்று அவளைச் சூழ்ந்துகொள்வதை நான் வேலிக்கு இப்பால் நின்று பார்த்தேன். வீட்டில் நாங்கள் எவ்வளவு ஆறுதல் சொல்லியும் விடியாத முகம் அங்கே விடிந்தது.

அதற்குப் பிறகுதான் அவர் நான்கு பிள்ளைகளையும் ஒன்றாக இருத்தினார். யார் பிழை என்று அவர் கேட்கவில்லை. கோல் தன் கைக்கு வந்ததிலிருந்து கையை விட்டுப் போகும் வரை தான் செய்தது என்ன என்பதை மட்டும் ஒவ்வொருவரும் வரிசையாகச் சொல்ல வேண்டும். மற்றவரைப் பற்றிப் பேசக் கூடாது. கடைசி ஓட்டக்காரியின் முறை வந்தபோது, எப்போது புறப்படுவதென்று காட்டத் தரையில் ஒட்டிய அடையாளத்தை என் மகள் தொடுவதற்கு முன்பே தான் புறப்பட்டுவிட்டதாகவும், எட்டாமல் போய்விடுமோ என்ற பயத்தில் கையைப் பின்னால் அசைத்துக்கொண்டே ஓடியதாகவும் அந்தப் பிள்ளை தானாகவே சொன்னாள். என் மகள், வளைவின் முடிவில் களைத்துவிட்டதால் "கை" என்று கூப்பிட வேண்டிய நேரத்தில் தன்னால் கூப்பிட முடியவில்லை என்றாள். ஒரு பிள்ளையின் தலையில் முழுமையாக ஏறியிருந்த பழி, அரைமணி நேரத்துக்குள், திருத்தக்கூடிய மூன்று நான்கு சிறு விடயங்களாகப் பிரிந்து போயிற்று. இந்த வகுப்பில் நான் கண்டவற்றுள் மிகச் சிறந்த விடயம் எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

அவர் அவற்றைத் திருத்திய விதத்தையும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஊக்கம் என்பதை வெறும் வார்த்தையாக விடாமல் வேலையாக மாற்றுவதில்தான் அவருடைய திறமை இருக்கிறது. அஞ்சல் கோல் 28 முதல் 30 சென்றிமீற்றர் வரை நீளமுள்ள, வழுவழுப்பான, உள்ளே துவாரமுள்ள குழாய். அதன் பாதியை ஒருவர் பிடித்திருக்க, மீதிப் பாதிதான் வாங்குபவருக்கு மிஞ்சும். முதலாவதாகவும் மூன்றாவதாகவும் ஓடுபவர்கள் வளைவில் சுவட்டின் உட்கோட்டை ஒட்டி ஓட வசதியாகக் கோலை வலக்கையில் ஏந்துவார்கள். இரண்டாமவரும் நான்காமவரும் இடக்கையில் வாங்குவார்கள். தற்போதைய சர்வதேச விதிப்படி கைமாற்றும் வலயம் 30 மீற்றர்; அதற்குள் இருக்க வேண்டியது கோல்தானே தவிர ஓட்டக்காரரின் உடலோ காலோ அல்ல. இவை பிள்ளைகளுக்கு ஏற்கெனவே சொல்லப்பட்டவைதான். ஆனால் அவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினார். நால்வரும் ஒருவர் பின் ஒருவராக நின்ற இடத்தில் நின்று, கையை மட்டும் வீசி, "கை" என்ற சொல்லுக்குக் கோலைக் கொடுத்தார்கள். பிறகு நடந்து கொண்டே, பிறகு மெதுவோட்டத்தில், கடைசியாக முழு வேகத்தில். வாங்குபவரின் கை அசையாமல், பெருவிரலும் மற்ற விரல்களும் அகல விரிந்து நிற்க வேண்டும். கையைத் தேடிப் போவது கொடுப்பவரின் வேலை, கோலைத் தேடுவது வாங்குபவரின் வேலையல்ல என்பதை ஒவ்வொரு நாளும் சொன்னார்.

அடையாளம் வைப்பதில் அவர் காட்டிய நுணுக்கம் எனக்குப் புதிது. வாங்குபவர் தான் நிற்கும் இடத்திலிருந்து கொடுப்பவர் வரும் திசையில் குதிகாலோடு பெருவிரலை ஒட்டி ஒட்டிப் பாதங்களால் அளந்து போய் ஒரு வெள்ளை டேப்பை ஒட்டுகிறார். கொடுப்பவர் அந்த டேப்பைத் தாண்டும் கணத்தில் வாங்குபவர் திரும்பிப் பாராமல் புறப்பட வேண்டும். இவர்களுடைய டேப் 18 பாதத்தில் இருந்தது. போட்டி நடந்த நாளிலோ கச்சான் எனும் வறண்ட தென்மேற்குக் காற்று பலமாக வீசியது. எதிர்காற்றில் வருபவரின் வேகம் குறையும். அப்போது அடையாளத்தை இரண்டொரு பாதம் கிட்டக் கொண்டுவர வேண்டும் என்பதை அவர் மண்ணில் கோடு கிழித்து விளக்கினார். நிலாவெளிப் பக்கமும் நகரப் பக்கமும் மே மாதத்திலிருந்து கச்சானில் காய்ந்து வளரும் பிள்ளைகளுக்கு அந்தக் காற்று பரிச்சயமானதுதான். ஆனால் அது தங்கள் கோலையும் தள்ளிவிடக் கூடியது என்பதை அன்றுதான் அறிந்தார்கள். அடுத்த நாளிலிருந்து பயிற்சிக்கு முன் ஒரு பிடி மணலை மேலே வீசிக் காற்றுப் பார்ப்பது என் மகளின் வேலையாயிற்று.

இன்னொரு பயிற்சியை நான் வேறெங்கும் கண்டதில்லை. கோலை வேண்டுமென்றே விழுத்திப் பழகுவது அது. எந்தக் கைமாற்றத்தில் என்று முன்கூட்டிச் சொல்லாமல், சேர் ஊதலை ஊதியதும் கோலை வைத்திருப்பவர் அதை நழுவவிட வேண்டும். உடனே குனிந்து எடுத்து ஓட்டத்தை முடிக்க வேண்டும். விதிப்படி கோலை விழுத்தியவரே அதை எடுக்க வேண்டும். மற்றவருக்கு இடைஞ்சல் செய்யாமலும் ஓடும் தூரத்தைக் குறைத்துக்கொள்ளாமலும் இருந்தால், எடுப்பதற்காகத் தன் சுவட்டை விட்டு வெளியே போகவும் அவருக்கு அனுமதி உண்டு. கோல் விழுந்தவுடன் போட்டி முடிந்துவிட்டதென்று நினைத்து அமர்ந்துவிட்ட பிள்ளைக்கு இந்த விதி சாதாரணச் செய்தியல்ல. முதல் தடவை ஊதல் ஊதியபோது என் மகள் அசையாமல் நின்றுவிட்டாள். பழகப் பழக, கோல் தரையில் பட்டு எழும்பும்போதே பிடித்துக்கொண்டு சிரித்தபடி ஓடினாள். அஞ்சிய காரியத்தையே அன்றாடப் பயிற்சியாக்கினால் அதன் கொடுக்கு எப்படி ஒடிந்துவிடுகிறது என்பதை அந்தச் சிரிப்பில் கண்டேன்.

பிள்ளைகள் தண்ணீர் குடித்து ஆறும் நேரத்தில் அவர் சொல்லும் கதைகளும் இந்த வகையானவைதான். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டுமே 4×100 மீற்றர் தகுதிகாண் சுற்றில் கோலை விழுத்தின. பெண்கள் அணியின் கடைசி ஓட்டக்காரியான லோரின் வில்லியம்ஸ் திரும்பிப் போய்க் கோலை எடுத்துக்கொண்டு, எல்லோரும் முடித்த பிறகு தனியாக ஓடி எல்லைக் கோட்டைக் கடந்தார். 2004 ஏதென்ஸ் இறுதிப் போட்டியிலும் கைமாற்றம் பிழைத்தபோது கோலை வாங்க நின்றவர் அவரே. அதே வில்லியம்ஸ் 2012 லண்டனில் தகுதிகாண் சுற்றில் ஓடினார். அந்த அணி இறுதிப் போட்டியில் 40.82 செக்கனில் உலக சாதனையோடு தங்கம் வென்றது, தகுதிகாண் சுற்றில் ஓடியவர் என்ற வகையில் அவருக்கும் பதக்கம் கிடைத்தது. எமது நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952 ஹெல்சிங்கியிலும் 1956 மெல்பேர்ணிலும் பதக்கமின்றித் திரும்பி, 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் உயரம் பாய்தலில் இலங்கைக்கு முதலாவது தங்கத்தைக் கொண்டுவந்த கதையையும் அவர் சொல்கிறார். கதையை வெற்றியில் முடித்துவிட்டு எழும்பிவிடாமல், இடைப்பட்ட ஆண்டுகளில் அவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று பிள்ளைகளிடம் கேட்டுவிட்டு அவர் காத்திருப்பார். "பழகியிருப்பினம் சேர்" என்று யாராவது ஒரு சின்னக் குரல் சொல்லும்.

பெற்றோருக்கென்று அவர் வைத்திருக்கும் நிபந்தனைகளைச் சிலர் கடுமையானவை என்கிறார்கள். எனக்கு அவை இந்தச் சேவையின் பெறுமதியான பகுதியாகத் தோன்றுகின்றன. போட்டி முடிந்து வரும் பிள்ளையிடம் "ஏன் விட்டாய்?" என்று கேட்கக் கூடாது, அதே போல, அது அழுதுகொண்டிருக்கும்போதே "பரவாயில்லை, இதென்ன பெரிய விசயமா" என்று மூடிவிடவும் கூடாது, ஏனெனில் பிள்ளைக்கு அது பெரிய விடயம்தான். பசிக்கு முதலில் சாப்பாடு கொடுக்க வேண்டும். அன்றிரவு அது தானாகப் பேசினால் கேட்க வேண்டும், பேசாவிட்டால் விட்டுவிட வேண்டும். மற்றப் பிள்ளையோடு ஒப்பிட்டு ஒரு சொல்லும் வரக் கூடாது. பாராட்டுவதானால், "நீ கெட்டிக்காரி" என்று பொதுவாகச் சொல்லாமல், "இண்டைக்கு வளைவில கடைசி வரைக்கும் வேகத்தை விடேல்லை" என்பது போல், பிள்ளை செய்த ஒரு காரியத்தைக் குறித்துப் பாராட்ட வேண்டும். இந்தக் கடைசி விடயத்துக்கு ஆய்வு ஆதாரமும் உண்டு: 1998இல் கிளோடியா முல்லர், கரோல் டுவெக் ஆகிய உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், புத்திசாலி என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள் பின்னர் ஒரு தோல்வியைச் சந்தித்தபோது எளிதில் தளர்ந்தார்கள், முயற்சியைக் குறித்துப் பாராட்டப்பட்டவர்களோ தொடர்ந்து ஈடுபட்டார்கள். மைதானத்தில் முடி நரைத்த ஒருவர் தமது அனுபவத்திலிருந்தே அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருப்பது எனக்கு மதிப்பைக் கூட்டியது.

விடாமுயற்சியைக் கற்பிப்பதென்பது பிள்ளையைக் கட்டிப்போடுவதல்ல என்பதிலும் அவர் தெளிவாக இருக்கிறார். நால்வரில் இரண்டாவதாக ஓடிய பிள்ளை, அந்தத் தவணை முடியும் வரை பயிற்சிக்கு வந்துவிட்டு, தனக்கு ஓட்டத்தைவிட வலைப்பந்து பிடித்திருப்பதாகச் சொன்னாள். தொடர்ந்து ஓடும்படி தாயார் வற்புறுத்தியதைச் சேர் மறித்துவிட்டு, அவளை மகிழ்ச்சியோடு அனுப்பிவைத்தார். தோல்வி சுடச்சுட இருக்கும்போது எடுக்கும் முடிவை ஏற்கக் கூடாது, ஆறிய பிறகு எடுக்கும் முடிவை மறுக்கக் கூடாது என்பது அவருடைய கொள்கை. நான் இதை முழு மனதோடு ஏற்கிறேன்.

குறைகள் இல்லாமல் இல்லை. அவற்றையும் ஒளிக்காமல் எழுதுவதுதான் சேரப்போகும் பிள்ளைகளுக்கு நியாயம். முதலாவது, கூட்டம். இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம் நெருங்கும்போது பிள்ளைகளின் தொகை இரட்டிப்பாகிவிடுகிறது. ஒரேயொரு உதவியாளரை வைத்துக்கொண்டு அவரால் எல்லாரையும் பார்க்க முடியவில்லை, பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் வரிசையில் நின்றே நேரத்தைக் கழிக்கிறார்கள். இரண்டாவது, பெண்பிள்ளைகள் இவ்வளவு பேர் பயிலும் இடத்தில் பெண் பயிற்றுநரோ பொறுப்பாளரோ இல்லாதது. பெரிய பிள்ளைகள் சில விடயங்களைச் சேரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, வகுப்புக்கே வராமல் நின்றுவிடுகிறார்கள். தாய்மாரில் ஒருவரையாவது முறைவைத்து அங்கே நிற்கச் செய்ய வேண்டுமென்று சொல்லியிருக்கிறோம். அது இன்னும் ஒழுங்காகவில்லை. உடை மாற்றவும் மலசலகூடத்துக்குப் போகவும் வசதி குறைவு. முதலுதவிப் பெட்டியில் பஞ்சும் களிம்பும் இருக்கும், ஐஸ் இருக்காது. சுளுக்குக்கு ஐஸ் தேவையானால் யாராவது கடைக்கு ஓட வேண்டும்.

பாய்தல், எறிதல் நிகழ்ச்சிகளில் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு இந்த வகுப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். சேரின் மனம் முழுவதும் ஓட்டத்தில்தான் இருக்கிறது. நீளம் பாய்தலுக்கான மணற்குழி கிண்டப்படாமலே கிடக்கும் நாட்கள் அதிகம். அதேபோல, தோல்விக்குப் பிறகு வாயே திறக்காமல் உள்ளுக்குள் ஒடுங்கிவிடும் சுபாவமுள்ள பிள்ளைகளுக்கு அவருடைய மௌன வைத்தியம் போதாது என்பது என் அபிப்பிராயம். என் மகள் வேலை கொடுத்தால் விழித்துக்கொள்ளும் பிள்ளை. அப்படியல்லாத ஒரு பையன் வாரக்கணக்காகக் கொப்பியும் கையுமாக வேலியோரம் நின்றதை நான் பார்த்தேன். அவனை யாராவது தனியாக அழைத்துப் பேசியிருக்க வேண்டும்.

கட்டணம் மாதம் 2,000 ரூபாய். சகோதரங்கள் சேர்ந்து வந்தால் இரண்டாவது பிள்ளைக்குப் பாதி. வசதியில்லாத பிள்ளைகளிடம் அவர் வாங்குவதில்லை, அதை யாருக்கும் தெரியவிடுவதுமில்லை. ஆணிச் சப்பாத்து வாங்கச் சொல்லி எவரையும் நெருக்குவதில்லை. 14 வயது வரை சாதாரண ஓட்டச் சப்பாத்தே போதும் என்கிறார். வாரத்தில் ஒரு நாள் டச் பே கடற்கரை மணலில் வெறுங்காலோடு ஓட விடுகிறார், கணுக்கால் உறுதிப்படுவதற்கு அதைவிட மலிவான வழி இந்த ஊரில் இல்லை.

பலன் என்னவென்று கேட்பவர்களுக்கு: மூன்று பழைய பிள்ளைகளும் புதிதாகச் சேர்ந்த ஒருத்தியும் அதன் பின் நடந்த சிறிய அழைப்புப் போட்டி ஒன்றில் ஓடினார்கள். மூன்று கைமாற்றமும் பிசகாமல் நடந்தன. நான்காம் இடம்தான் கிடைத்தது; பதக்கம் இல்லை. திரும்பி வரும் வழியெல்லாம் என் மகள் அழவில்லை, கோபப்பட்டாள். இரண்டாவது கைமாற்றத்தில் வலயத்தின் முதற் பாதியிலேயே கோலை வாங்கிவிட்டதால் வேகம் எடுக்க முடியாமல் போயிற்று, டேப்பை இன்னும் இரண்டு பாதம் தள்ளி வைத்திருக்க வேண்டும் என்று மணிக்கூட்டுக் கோபுரம் தாண்டும் வரை விவரித்துக்கொண்டே வந்தாள். "இனி ஓட மாட்டேன்" என்று சப்பாத்தைப் பெட்டிக்குள் போட்ட பிள்ளை இப்படிக் கணக்குப் பார்ப்பதுதான், மாதாமாதம் நான் கட்டும் பணத்துக்குக் கிடைத்த பலன் என்று கருதுகிறேன்.

வகுப்பு கிழமை நாட்களில் மூன்று நாளும் சனிக்கிழமை காலையும் நடக்கிறது. கிழமை நாட்களில் மூன்றரை மணிக்குத் தொடங்குவதால் கச்சான் காலத்தில் வெயில் கடுமையாக இருக்கும். நான்கு மணிக்குப் பிறகு பிள்ளையைக் கொண்டுபோய் விட்டாலும் சேர் ஏசுவதில்லை. ரியூசனோடு நேரம் மோதுமானால் முன்கூட்டியே சொன்னால் நாளை மாற்றித் தருகிறார். மாரி மழையில் மைதானம் நீர் நிற்கும் நாட்களில் வகுப்பு இல்லை. புதிய பிள்ளைகளை மழை ஓய்ந்து, இல்ல விளையாட்டுப் போட்டிக்கான ஆயத்தம் தொடங்குவதற்கு முன் சேர்ப்பது நல்லது; அப்போதுதான் கூட்டம் குறைவாக இருக்கும், அவரும் ஒவ்வொரு பிள்ளையின் ஓட்டத்தையும் நின்று பார்ப்பார். முதல் நாள் தாயோ தகப்பனோ வகுப்பு முடியும் வரை கூட இருக்க வேண்டும், தண்ணீர்ப் போத்தலைப் பெரியதாகக் கொடுத்துவிட வேண்டும்.